மோட்டார் அறையில் மூன்று நாள்

எங்கள் வீட்டு நாயைக் கொல்ல ஒருமுறை நான் சம்மதம் சொன்னேன். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. ஆனாலும் சம்மதம் சொன்னது சொன்னதுதான். அதை மகளிடம் சொன்னதில்லை, மனைவியிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

அது எங்களிடம் வந்தபோது அதற்கு நான்கு வயது. ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கந்தர்வக்கோட்டையில் பஸ் இறங்கி எங்கள் ஊர்ப் பாதையில் நடப்பவர்கள் எல்லாம் கேட்டில் நின்று, "எத்தன மாசக் குட்டிங்க?" என்று கேட்பார்கள். நாலு வயது என்றால் நாயைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "தீனி சரியாப் போடலையோ?" என்று ஒரு அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளை உடம்பு, ஒரு காதும் கண்ணும் மட்டும் செம்மண் நிறம், தொட்டால் கையில் குத்துகிற முரட்டு மயிர். சென்னையில் வேலை பார்த்த என் மகள் ஆசைப்பட்டு வாங்கி வளர்த்தது. ஃபிளாட்டில் சோபாவைக் கடித்துக் குதறி, குரைத்துக் குரைத்து அக்கம்பக்கத்தாரின் சாபத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகு அவளுக்கு வெளிநாட்டுக்கு வேலை மாறியது. காரில் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டு, போகும்போது அழுதாள்.

"ரெண்டு வருசந்தாம்ப்பா. இது டெரியர். மடியில வச்சுக் கொஞ்சுற நாயில்ல. இதுக்கு ஏதாவது வேலை இருந்துக்கிட்டே இருக்கணும்."

"எனக்கே வேலை இல்லாமத்தான் உக்காந்திருக்கேன்" என்றேன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றிருந்த சமயம் அது. அவள் சிரிக்கவில்லை. தினக் காலண்டரில், தை மாதத்துத் தாளைத் தேடிப் பிடித்து, 'வெறிநாய்த் தடுப்பூசி' என்று சிவப்பு மையில் எழுதிவைத்துவிட்டுப் போனாள். வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் போட வேண்டுமாம்.

நாய் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாசலில் கிடக்க வேண்டும், வேற்று ஆள் வந்தால் குரைக்க வேண்டும், போட்டதைத் தின்ன வேண்டும். இது மூன்றையும் செய்யவில்லை. வேற்று ஆள் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும். தரையைப் பார்த்துக் குரைக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஏக்கர் முந்திரிக் காட்டில் மரத்துக்கு மரம் குழி பறிக்கும். மண்ணாங்கட்டியால் எறிந்தேன். கயிற்றில் கட்டினேன், அறுத்தது. சங்கிலி வாங்கிக் கட்டினேன், விடாமல் ஊளையிட்டு என் மதியத் தூக்கத்தைக் கெடுத்தது. "இந்தப் பட்டணத்துப் பீடையை யார் தலையில கட்டலாம்" என்று நாலு பேரிடம் கேட்கவும் செய்தேன். என் கோபம் ஊரறிந்தது.

ஒருநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. காட்டை ஒட்டிய கடலைக் கொல்லையில், வரப்போரம் ஒரு பொந்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. முன்னங்கால்கள் மண்ணை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுதும் உள்ளே போய் வால் மட்டும் வெளியே தெரிந்தது. செத்துவிடப் போகிறதே என்று ஓடினேன். வாலைப் பிடிப்பதற்குள் அதுவே பின்னால் நகர்ந்து வந்தது, வாயில் ஒரு வெள்ளெலி. கொண்டுவந்து என் செருப்பின் மேல் போட்டது. போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

அன்று செல்போனில் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரர்கள் நரிப் பொந்துக்கும் எலிப் பொந்துக்கும் அனுப்புவதற்கென்றே வளர்த்த சாதியாம். மண்ணுக்குள் போகிற நாய் என்பதுதான் பெயருக்கே பொருளாம். நான் மரத்துக்கு மரம் குழி என்று திட்டிய இடங்களைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எலி வளை இருந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஒருவனை இத்தனை நாளும் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் தோழர்களாகிவிட்டோம். காலையில் காப்பி குடித்ததும் காட்டுக்குள் கிளம்புவோம். எலி பிடித்தால் என் காலில் கொண்டுவந்து போடும். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு முந்திரிப் பருப்பு எடுத்துக் கொடுப்பேன். வறுத்து உடைத்ததில் விற்பனைக்கு ஆகாத உடைசல்.

"நாய்க்கு முந்திரிப் பருப்பா? நல்லாருக்கு போங்க" என்பாள் என் மனைவி. "நம்ம வீட்டுப் பாயசத்துக்கே நான் பாத்துப் பாத்துப் போடுறேன்."

"பாயசம் எலி புடிக்குதா?" என்பேன்.

மூலைக் கடையில் டீ குடிக்கும்போது நாய்ப் புராணம்தான். என் நாய் இங்கிலீஷ் சாதி, என் நாய்க்குப் பேச்சு மட்டும்தான் வராது என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். கேட்கிறவர்கள் டீயை ஆற்றாமலே குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

எங்கள் பக்கத்தில் பங்குனி பிறந்தால் முந்திரி உதிரத் தொடங்கும். பழத்தைத் திருகிப் போட்டுவிட்டுக் கொட்டையை அள்ளுவோம், காய வைப்போம். கொஞ்சத்தை வீட்டிலேயே வறுப்போம். ஓட்டை போட்ட தகரத் தட்டில் கொட்டையைப் போட்டு அடியில் தீ எரித்தால், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் வழிந்து குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த எண்ணெய் பொல்லாதது. மேலே பட்டால் தோல் கருகி உரிந்துவிடும். அதனால் கொட்டையைத் தொடுகிறவர்கள் முதலில் உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். வறுத்ததைச் சாம்பலில் புரட்டி, கட்டையால் தட்டிப் பருப்பை எடுக்க வேண்டும். என் மனைவி கல்யாணம் ஆகிவந்த நாளிலிருந்து இதைச் செய்கிறாள். அவள் விரல் நுனிகளில் கறுப்பு இல்லாத பங்குனியை நான் பார்த்ததில்லை.

அவள் தட்டுகிற இடத்தில் நாய் எதிரே உட்கார்ந்திருக்கும். கட்டை ஏறி இறங்குவதையும், கறுத்த ஓடு பிளந்து வெள்ளைப் பருப்பு வருவதையும் கண் கொட்டாமல் பார்க்கும். எதற்குள்ளிருந்து எது வருகிறது என்று படித்துக்கொண்டிருந்தது. நான் அதை ரசித்துச் சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதற்கு முன்பே தை மாதம் போய்விட்டிருந்தது. காலண்டரில் மகள் எழுதிய தாளைக் கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கால்நடை ஆஸ்பத்திரி தூரமெல்லாம் இல்லை. சோம்பல்தான்.

பங்குனிக் கடைசியில் ஒரு பிற்பகல். காட்டுக்குள்ளிருந்து நாய் கத்துகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு குரலை அதனிடம் நான் கேட்டதே இல்லை. ஓடிப் போனேன். முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு வட்டமாகச் சுற்றியது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது, ஓரமெல்லாம் நுரை. பாம்பு கடித்திருக்குமோ என்று பயந்து முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கடித்துவிட்டது. வலது கைப் பெருவிரலுக்குக் கீழே, ஆழமாக.

என் நாய் என்னைக் கடித்ததில்லை. எலியை வாயில் வைத்திருக்கும்போதுகூட நான் வாய்க்குள் விரலை விட்டு எடுத்திருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்தேன், நுரையைப் பார்த்தேன், பையில் மடித்து வைத்திருந்த தாள் ஞாபகத்துக்கு வந்தது.

துண்டைப் போட்டு அமுக்கித் தூக்கி, கிணற்றடி மோட்டார் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ், "வீட்டு நாயா? கட்டிப் போட்டுப் பத்து நாளைக்குப் பாத்துக்கிட்டே இருங்க. செத்துப்போச்சுன்னா ஒடனே வந்து சொல்லுங்க" என்றார். கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வெளியூரில் முகாமில் இருந்தார். "தடுப்பூசி தவறியிருக்குன்னா யாரும் வாயில கை வைக்காதீங்க. பூட்டியே வைங்க. நாளன்னைக்கு நானே நேர்ல வாரேன்" என்றார். இருவரும் சரியாகத்தான் சொன்னார்கள். பொறுத்திருந்து பார்க்கத்தான் சொன்னார்கள்.

மறுநாள் காலை கதவுக்கு அடியில் சட்டியில் தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். தவித்துப்போய் ஓடிவந்தது. நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், வீறிட்டுக் கத்திக்கொண்டு சுவரோரம் போய் ஒடுங்கியது. மறுபடி வந்தது, மறுபடி கத்தியது. மூன்றாவது தடவை சட்டியின் அருகே வரவே இல்லை. தண்ணீரைக் கண்டால் பயப்படும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டது எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சாயங்காலம் பக்கத்துக் கொல்லைப் பங்காளி வந்தார். என்னைவிட இளையவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. முந்தின வருடம் அவருடைய பசுவை வெறிநாய் கடித்து, அது கத்திக் கத்திச் செத்ததைப் பார்த்தவர். பால் குடித்தோமே என்று வீட்டில் எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக ஒருதரம் பார்த்தார்.

"அண்ணே, இது அதேதான். என் மாடும் இப்புடித்தான் வாய் ஒழுக நின்னுச்சு."

"டாக்டர் நாளைக்கு வாராருப்பா."

"வந்து என்ன செய்வாரு? இதுக்கு மருந்தில்லண்ணே. இந்தக் கதவு ஒதச்சா தெறக்குற கதவு. அங்கிட்டுப் பூராம் புள்ளைக வெளாடுதுக. நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். விடியக்கால நான் வந்து முடிச்சு, கோணியில போட்டுக் கொண்டுபோயிப் பொதச்சுர்றேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

கதவின் கீழ் இடுக்கில் அதன் மூக்கு தெரிந்தது. என் குரல் கேட்டு வந்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாக என் செருப்பை மோந்து பார்த்தது.

"சரி" என்றேன்.

அந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்று பலமுறை யோசித்துவிட்டேன். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை. கை வலித்தது, சாவு பயம் இருந்தது, அதைவிட அது என்னைக் கடித்துவிட்டதே என்ற கோபம் இருந்தது. அவ்வளவு கொஞ்சியவனையே கடித்தாயா என்ற கோபம். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். மனைவி கேட்டதற்கு, டாக்டர் வந்து பார்ப்பார் என்றேன்.

விடிந்ததும் அவள் வழக்கம்போல் கொட்டை பொறுக்கக் காட்டுக்குப் போனாள். நான் வாசலில் உட்கார்ந்து பங்காளி வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் காட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் ஓடி நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. என்னிடம் வராமல் நேரே அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலையும் ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, மோட்டார் அறைப் பக்கம் திரும்பினாள்.

"இந்தா, எங்க போற? ஒனக்கென்ன பைத்தியமா?"

அவள் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலைந்து பச்சை முந்திரிக் கொட்டைகள். ஒவ்வொன்றிலும் பல் பதிந்து ஓடு நசுங்கியிருந்தது. ஒன்று இரண்டாகவே பிளந்திருந்தது, பருப்பு அப்படியே இருந்தது.

"அது கத்துன மரத்தடியில கெடந்துச்சு. எலி கடிச்சா இப்புடியாங்க இருக்கும்? ஒங்க கையால தின்ன ருசிக்கு, தானே ஒடச்சுத் திங்கப் பாத்திருக்கு."

ஏழு வயதில் நானும் அதே காட்டில் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தவன். உதடு வெந்து, நாக்கு உரிந்து, ஒரு மிடறு தண்ணீர் பட்டாலும் துடித்தேன். சமாதானப்படுத்த வந்த என் அம்மாவின் கையைக் கடித்தேன். முந்திரிக் காட்டில் பிறந்த எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். ஊர்நாய்கள்கூடப் பச்சைக் கொட்டையைத் தொடாது. பட்டணத்தில் வளர்ந்ததற்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான். நுரையைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துவிட்டது.

அவள் ஜன்னல் வழியாக முதலில் பார்த்தாள். "ஒதட்டப் பாருங்க, என் வெரலு மாரியே கருகியிருக்கு" என்றாள். பிறகு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கதவுக்கு அடியில் தள்ளினாள். நாய் தயங்கித் தயங்கி வந்தது. நாக்கு நுனியால் தொட்டது. கத்தவில்லை. மறுபடி தொட்டது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நக்கத் தொடங்கியது. கிண்ணம் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவில் தலையை வைத்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

அப்போதுதான் பங்காளி வந்து சேர்ந்தார். கையில் தடி, தோளில் கோணி. அவள் அவரையும் பார்த்தாள், கோணியையும் பார்த்தாள்.

"கோணி எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "கொட்டை அள்ள. நாந்தான் கேட்டேன்" என்றேன். அவர் புரிந்துகொண்டு, கோணியைச் சுவரோரம் போட்டுவிட்டுத் தடியோடு திரும்பிப் போனார். அவள் கோணியை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிற்பகலில் டாக்டர் வந்து, கையுறை போட்டு வாயைத் திறந்து காட்டினார். நாக்கில் பாதித் தோல் இல்லை. ஊசி போட்டு, களிம்பு கொடுத்தார். என்னைப் பார்த்து, எதற்கும் பத்து நாள் கவனித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊசியையும் நிறுத்த வேண்டாம், பத்து நாள் கழிந்ததும் இதற்குத் தடுப்பூசி போட்டுவிடுவோம் என்றார். ஒரு வாரம் ஆறிய கஞ்சியும் மோரும்தான். மகளிடம் போனில், "முந்திரியக் கடிச்சிருச்சும்மா, இப்பப் பரவால்ல" என்றேன். "நீங்க பாத்துக்குறதாலதாம்ப்பா நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்றாள். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

கடைசி ஊசிக்குப் போனபோது அதே நர்ஸ்தான். சீட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதுபோல், "நாய் உயிரோட இருக்கா சார்?" என்றார்.

"இருக்கு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. ஊசிக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்து, "வலிக்காது சார்" என்றார்.

நாய் இப்போதும் காலையில் என்னோடு காட்டுக்கு வருகிறது. எலி பிடிக்கிறது, என் செருப்பின் மேல் கொண்டுவந்து போடுகிறது. பருப்பை நீட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வற்புறுத்தினால் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பருப்பைத்தான் வேண்டாம் என்கிறது, என்னை அல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீட்டிய கையைப் பார்த்து அது விலகும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

அந்தக் கோணி மோட்டார் அறைச் சுவரோரமே பல நாள் கிடந்தது. எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. ஒருநாள் மனைவி அதைத் துவைத்து வெயிலில் காயப்போட்டிருந்தாள். சாயங்காலம் மடித்து எடுத்துவந்து, என் கட்டிலுக்குக் கீழே விரித்தாள். நாய் வந்து மோந்து பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றிச் சுருண்டு படுத்தது.

"அத எதுக்குப் போய் இதுக்குப் போடுற?" என்றேன்.

அவள் கோணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"படுத்துக்கட்டும். அதுக்குன்னு வந்த கோணிதான" என்றாள்.